நாளைக்கும் கஞ்சி உண்டா? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் தொண்டு நிறுவனங்கள் இயங்கும் விதம்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே மலாவி என்றொரு சிறிய நாடு. அங்கே பல கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் முதல் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் இருட்டோடு வந்து தண்ணீர் சுமந்து, விறகு மூட்டி, பெரிய அண்டாவில் உலை வைப்பார்கள். அண்டாவில் வேகப்போவது லிக்குனி பாலா. பாலா என்றால் அவர்களுடைய சிச்சேவா மொழியில் கஞ்சி. மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்து, கொஞ்சம் சர்க்கரையும் விட்டமின்களும் தாதுச் சத்துகளும் சேர்த்த மாவைக் கொதிக்கும் நீரில் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். நம் ஊரில் கேழ்வரகுக் கூழ் கிண்டியவர்களுக்கு அந்தத் தோள்வலி தெரியும். இங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிண்டுகிறார்கள். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையோடு வரிசையில் வந்து நிற்பார்கள். குவளை நிறையக் கஞ்சி. அதைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார்கள்.

மாவை வாங்கிக் கொடுப்பது மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு நிறுவனம். கிண்டுகிற பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள், பாட்டிகள், அக்கம்பக்கத்தார். முறை வைத்து வருகிறார்கள்.

தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளி உணவுத் திட்டம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் காட்சியைத்தான். இதை அன்னதானத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோயில் திருவிழாவிலோ பிறந்தநாளிலோ சோறு போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அது அன்றைய பசியை ஆற்றுவதோடு முடிந்துவிடும். பள்ளி உணவு நாளைய பசிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 'இன்றைக்கு வந்தால் கஞ்சி உண்டு, நாளைக்கு வந்தாலும் உண்டு' என்ற நம்பிக்கை ஒரு பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் வந்த பிறகுதான் அது திட்டம் ஆகிறது. நன்கொடையோ இன்று வரும், நாளை வராது. பசி அப்படியில்லை, தினமும் வரும். தவறித் தவறி வரும் பணத்தைக் கொண்டு தவறாத சாப்பாட்டை எப்படிப் போடுவது? இந்த நிறுவனங்களின் வேலை முழுக்க இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஏன் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு அரிசி மூட்டை கொடுத்தால் ஆகாதா என்று பலர் கேட்பதுண்டு. வீட்டுக்குப் போகிற அரிசி பெரியவர்கள், சின்னவர்கள், நோயாளிகள் என்று பங்காகும். கடனுக்கும் ஒரு பங்கு போகக்கூடும். பள்ளியில் ஊற்றுகிற கஞ்சி நேரே பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறது. பிள்ளைகள் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடுகிறார்கள், பெயர்ப் பதிவேடும் கையில் இருக்கிறது. யார் ஏழை என்று தேடிக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஊற்றும்போது எந்தப் பிள்ளையும் 'இல்லாதவன்' என்ற முத்திரையோடு வரிசையில் நிற்பதில்லை. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பசியை விட வெட்கத்துக்கு அதிகம் அஞ்சும் பிள்ளைகள் உண்டு.

உடம்பின் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஐந்து வயது வாக்கில் ஒரு குழந்தையின் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றோடு பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பசித்த பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வதும் குறைவு. தலையை மேசையில் சாய்த்துக்கொள்வார்கள், சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பதினோரு மணிக்குத் தூங்கிவிடுவார்கள். ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வார்.

மேரிஸ் மீல்ஸ் தொடங்கிய கதை 2002இல் நடக்கிறது. அப்போது மலாவியில் கடும் பஞ்சம். ஸ்காட்லாந்தின் டால்மல்லி என்ற சிற்றூரைச் சேர்ந்த மேக்னஸ் மெக்ஃபார்லன்-பாரோ அங்கே போயிருந்தார். முன்பு சால்மன் மீன் வளர்ப்புத் தொழிலில் இருந்தவர், 1992இல் போஸ்னியப் போரின்போது நிவாரணப் பொருள் கொண்டுபோனதில் தொண்டுக்கு வந்தவர். மலாவியில் ஒரு குடிசையில் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த ஒரு தாயைப் பார்க்கிறார். சுற்றிலும் அவளுடைய ஆறு பிள்ளைகள். மூத்த பையனிடம் உன் ஆசை என்ன என்று கேட்கிறார். வயிறு நிறையச் சாப்பாடு வேண்டும், என்றாவது பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அந்தப் பதினான்கு வயதுப் பையன் சொல்கிறான். மலாவியில் 1994இலேயே தொடக்கக் கல்வி இலவசமாகிவிட்டது. கட்டணம் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பையனால் போக முடியவில்லை. அவன் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு ஆசைகளையும் ஒரே இடத்தில் நிறைவேற்றினால் என்ன? அந்த ஆண்டே சுமார் 200 பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். 2015இல் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது, 2021இல் 20 லட்சத்தைத் தாண்டியது. மலாவியோடு ஜாம்பியா, லைபீரியா, ஹெய்ட்டி என்று நாடுகளும் கூடின. ஹெய்ட்டியில் கஞ்சி இல்லை, சோறும் பயறும். அந்தந்த ஊர் நாக்குக்குப் பழகியதைத்தான் போட வேண்டும். பழகாததைப் பசித்த பிள்ளையும் ஒதுக்கிவிடும்.

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளியாண்டு முழுக்கக் கஞ்சி ஊற்ற அந்த நிறுவனம் சொல்லும் செலவு சில ஆண்டுகளுக்கு முன் 15.90 பவுண்டாக இருந்தது, பிறகு 19.15 பவுண்டாக உயர்ந்தது. பள்ளி நாட்களால் வகுத்தால் ஒரு வேளைக்கு 10 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் வரும். இவ்வளவு குறைவாக எப்படி முடிகிறது என்றால், அந்தக் கணக்கில் வராத செலவை ஊர் ஏற்றுக்கொள்கிறது. கிளறுகிற கை, சுமக்கிற தண்ணீர், சமையல் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எல்லாம் ஊராருடையவை. மலாவியில் மட்டும் பல்லாயிரக்கணக்கானோர் இப்படி முறை வைத்துச் சமைக்கிறார்கள். பணம் மிச்சமாவதைவிட இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. மாவு மூட்டையில் ஒன்று குறைந்தால் முதலில் கேள்வி கேட்பது அந்த அம்மாக்கள்தான். தன் பிள்ளை குடிக்கும் கஞ்சிக்குத் தானே காவல்.

ஆனால் இதை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் வந்து சம்பளமின்றி அண்டா கிளறும் அந்தப் பெண்களும் ஏழைகளே. அவர்களுக்கும் வயல் வேலை உண்டு, கைக்குழந்தை உண்டு. 10 பென்ஸ் என்ற கணக்கைப் படிக்கிறபோது அவர்கள் உழைப்பையும் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பணம் கிடைத்துவிட்டால் கஞ்சி வந்துவிடுமா? வராது. மலாவியில் மக்காச்சோள அறுவடை ஏப்ரல் வாக்கில். வீட்டுக் குதிர் காலியாகிற மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. அதே மாதங்கள்தான் மழைக்காலம். செம்மண் பாதையில் லாரி புதைகிற காலம். பிள்ளைகளுக்குப் பசி கூடும் மாதங்களும் மாவு போய்ச் சேர்வது கடினமாகும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே தானியத்தை அறுவடையை ஒட்டி, விலை தணிந்திருக்கும்போது வாங்கி, அரைத்துக் கலந்து, கிடங்கில் பூச்சி விழாமல் காத்து, மழைக்கு முன்பே பள்ளிகளுக்குக் கொண்டுசேர்ப்பதில்தான் திறமை இருக்கிறது. டிசம்பரில் வரும் நன்கொடையை நம்பி டிசம்பருக்கு மாவு வாங்க முடியாது. பல நிறுவனங்கள் ஒருமுறை தருகிற பெரிய தொகையைவிட மாதாமாதம் வருகிற சிறு தொகையைக் கேட்பதற்கு இதுவே காரணம். உள்நாட்டு விவசாயியிடம் வாங்கும்போது அதே பணம் அந்தப் பிள்ளைகளின் ஊருக்கே திரும்புகிறது என்பதும் உண்மை.

மலாவி வழி ஒன்று. அதற்கு நேர் எதிரான வழி பெங்களூரில் இருக்கிறது. ஹரே கிருஷ்ணா பக்தி இயக்கத்தைச் சேர்ந்த இஸ்கான் பெங்களூர் அமைப்பினர் 2000ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கிய அட்சய பாத்திரம் என்ற தொண்டு நிறுவனம் முதலில் 5 பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. இன்று பல மாநிலங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பள்ளிக்குப் பள்ளி அடுப்பு இல்லை, நகரத்துக்கு ஒரு பெரிய சமையற்கூடம். ஹூப்பள்ளியில் உள்ளது போன்ற கூடங்களில் அரிசியும் பருப்பும் மேல்தளத்துக்கு ஏறுகின்றன. அங்கே சுத்தமாகி, கழுவப்பட்டு, குழாய் வழியே கீழ்த்தளத்துக் கொப்பரைகளில் விழுகின்றன. தீ கிடையாது, நீராவிதான். ஆயிரம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் கொப்பரையில் சாம்பார் கொதிக்கிறது. அதிகாலையில் தொடங்கும் வேலை, மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரங்களில் சூடு ஆறாமல் வண்டியேறி, மதிய மணி அடிப்பதற்குள் பள்ளி வாசலில் இறங்க வேண்டும். இங்கே நாளைய சோற்றுக்கு உத்தரவாதம் இயந்திரமும் கால அட்டவணையும். ஒரு பாய்லர் நின்றால் ஆயிரக்கணக்கான தட்டுகள் காலி. கிராமத்து அடுப்பில் அந்த ஆபத்து இல்லை. அதே சமயம் ஆயிரம் அடுப்புகளின் சுத்தத்தைக் கண்காணிப்பதைவிட ஒரு கூடத்தைக் கண்காணிப்பது எளிது.

அட்சய பாத்திரத்தின் செலவு முழுவதும் நன்கொடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பள்ளி மதிய உணவு அரசின் கடமை. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது, 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் என்பது அளவு. தானியமும் சமையல் செலவும் அரசிடமிருந்து வரும். அது போதாத இடத்தில் நன்கொடையைப் போட்டு நிரப்புவது நிறுவனத்தின் பங்கு.

இப்படிச் சமையல் ஒரே கைக்குப் போகும்போது எழும் சிக்கலும் பெரியது. அட்சய பாத்திரம் தன் சமய நம்பிக்கைப்படி வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை, முட்டை தருவதில்லை. சோறு சப்பென்று இருக்கிறது, பிள்ளைகள் மிச்சம் வைக்கிறார்கள் என்று கர்நாடகத்தில் உணவு உரிமைக்காகப் போராடுவோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சத்து அளவு விதிப்படி இருக்கிறது என்று 2019இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்னது. இரண்டு பேச்சையும் கேட்ட பிறகு என் கருத்து இது: ஏட்டில் உள்ள கலோரி பிள்ளையின் வயிற்றில் இறங்கினால்தான் கணக்கு. வீட்டில் முட்டை சாப்பிடுகிற பிள்ளைக்குப் பள்ளியில் முட்டை கிடைக்கக் கூடாது என்று சமைத்துத் தருகிறவரின் நம்பிக்கை முடிவு செய்யக் கூடாது. அதே கர்நாடகத்தில் 2024இல் வேறொரு வழியும் திறந்தது. அரசு வாரம் இரண்டு நாள் முட்டை கொடுத்துவந்தது. மீதி நான்கு நாளைக்கும் முட்டைச் செலவை ஏற்கிறோம் என்று அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை முன்வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய். அறக்கட்டளை சமையலறைக்குள் வரவில்லை, கரண்டி பள்ளியின் கையிலேயே இருக்கிறது. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ.

மூன்றாவதாகக் கென்யா. வவீரா ஞ்ஜிரு என்ற பெண் 2012இல் ரூயிரு என்ற ஊரில் 25 பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுத் தொடங்கிய ஃபுட் ஃபார் எஜுகேஷன் நைரோபியில் பெரிய சமையற்கூடங்கள் நடத்துகிறது. இங்கே சாப்பாடு முற்றிலும் இலவசமில்லை. பெற்றோர் செல்போன் வழியே சிறு தொகை கட்டுவார்கள், பிள்ளையின் கையில் ஒரு பட்டை இருக்கும். சாப்பாட்டு வரிசையில் அந்தப் பட்டையைக் கருவியில் தொட்டால் தட்டு கிடைக்கும். யார் கட்டினார், யாருக்குப் பிறர் கட்டினார் என்பது பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குத் தெரியாது. 2023இல் நைரோபி மாவட்ட அரசும் சேர்ந்துகொண்ட பிறகு பெற்றோர் தருவது ஒரு வேளைக்கு 5 ஷில்லிங். மீதியை அரசும் நன்கொடையாளரும் ஏற்கிறார்கள். பெற்றோர் காசு கொடுப்பதால் 'இன்றைக்கு ஏன் பயறு வேகவில்லை' என்று அதட்டிக் கேட்க முடிகிறது. ஆனால் அந்த 5 ஷில்லிங்கும் இல்லாத வீட்டுக்கு வழி வைத்திருந்தால்தான் இது நியாயமாகும்.

சோறு போடுவதில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பேசாமல் விடக் கூடாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோஃபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. அது தொண்டு நிறுவனம் நடத்திய சமையல் அல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்கு உலை வைக்கிற யாரும் அந்த நாளை மறக்கக் கூடாது. எண்ணெய் எதில் இருக்கிறது, சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் ருசி பார்த்தாரா? உயிர் இந்தச் சின்னக் கேள்விகளில்தான் இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்பது இன்று விதி.

இதனால் உண்மையில் பலன் உண்டா? பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கூடுகிறது என்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பவை இரண்டு ஆய்வுகள். ஆந்திரத்தில் வறட்சியில் சிக்கிய குடும்பங்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, வறட்சியால் குன்றிய வளர்ச்சியைப் பள்ளி மதிய உணவு பெரிதும் ஈடுகட்டியது தெரிந்தது. 2021இல் வெளியான இன்னொரு ஆய்வு, சிறுவயதில் பள்ளி மதிய உணவு கிடைத்த பெண்கள் வளர்ந்து தாயானபோது அவர்கள் பெற்ற குழந்தைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைவாக இருந்ததைக் காட்டியது. சிறுமியாக அவள் சாப்பிட்ட சோறு அவள் பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது.

ஆகாததும் உண்டு. பள்ளி உணவு ஐந்து வயதுக்குப் பிறகுதான் வருகிறது. கருவிலிருந்து இரண்டு வயது வரை விழுந்த பள்ளத்தை அது முழுதாக நிரப்பாது. பள்ளிக்கே வராத பிள்ளைக்கு அது போய்ச் சேராது. கோடை விடுமுறையில் நின்றுவிடும். 2020இல் கொரோனாவால் உலகெங்கும் பள்ளிகள் மூடியபோது சுமார் 37 கோடிப் பிள்ளைகள் பள்ளிச் சாப்பாட்டை இழந்தார்கள் என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு கணக்கிட்டது. அப்போது நாளைக்கும் உண்டு என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பல அமைப்புகள் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. மேரிஸ் மீல்ஸும் அப்படித்தான் செய்தது.

உலகில் இன்று 46 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் போடுவது அவரவர் அரசு. தொண்டு நிறுவனங்களின் பங்கு அதில் சிறிது. ஆனால் அரசின் கை எட்டாத இடத்தில் முதல் அடுப்பை மூட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது கஜானாப் பணம் மட்டும் போதவில்லை. ஊர் ஊராகப் பெரிய மனிதர்களிடமும் விவசாயிகளிடமும் கேட்டு வாங்கிப் பானையை ஏற்றினார்கள். 1961இல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் சேர்ந்துகொண்டு பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் அனுப்பியது. என் அம்மா படித்த பள்ளியில் கொடுத்த மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்வார். வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோக மறந்த நாளில் தாமரை இலையில் வாங்கிச் சாப்பிட்டாராம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர் சத்துணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் வந்தது. வெளிநாட்டுப் பால் பவுடர் மூட்டைகள் வருவது எப்போதோ நின்றுபோனது. அம்மாவின் பள்ளியில் இப்போது காலையில் மகளிர் குழுப் பெண்கள் வந்து ரவா கிச்சடி கிளறுகிறார்கள். அவர்களுக்கு ஊதியம் உண்டு.